நெஞ்சு துள்ளும் நேரத்தில்

“பிள்ளை, நெஞ்சுக்குள்ள ஒரு மீன் துள்ளுற மாதிரிக் கிடக்கு. இ.சி.ஜி. எடுத்துப் பாத்தவை. ஒண்டும் இல்லை எண்டு அனுப்பிப் போட்டினம். ஒண்டும் இல்லாட்டி ஏன் பிள்ளை துள்ளுது?”

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில், வீட்டுத் தரிசிப்புக்காகச் சென்றிருந்தபோது ஓர் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருக்கு 46 வயது. 2009 இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளையும் தனியாளாக நின்று வளர்த்தவர். கோழி வளர்ப்பும் தோட்டக் கூலி வேலையும்தான் வருமானம். சலரோகத்துக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் கிளினிக் போகிறார்.

அவரது கேள்விக்கு அந்த இடத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் வைத்தியர் அல்ல. ஆனால் அவர் அடுத்து எடுத்துக்காட்டிய பொருள் என்னைத் திடுக்கிட வைத்தது. சாமிப் படத்தட்டில் திருநீற்றுப் பேணிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் போத்தல். உள்ளே பெரிய பெரிய குளிசைகள். மாதர் சங்கக் கூட்டம் முடிந்த பிறகு யாரோ வந்து, “இருதயத்துக்குத் தேவையான கனியுப்புக்கள் எல்லாம் இதில இருக்கு. படபடப்பு அடியோட நிண்டிடும்” என்று சொல்லி விற்றார்களாம். சீட்டுக் காசில் அதை வாங்கியிருக்கிறார். அடுத்த போத்தலுக்கு ஒரு சோடிக் கோழியை விற்க யோசித்துக்கொண்டிருந்தார்.

போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். மகனீசியம், பொற்றாசியம், நாகம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. “அக்கா, இதைக் குடிக்கிறதைக் கிளினிக்கில சொன்னனீங்களோ?” என்றேன். “இது மருந்து இல்லைத்தானே பிள்ளை, சத்துத்தானே. அதை ஏன் அவையளுக்குச் சொல்ல?” என்றார்.

அந்தப் பதில்தான் இம்மாதக் கட்டுரைக்குக் காரணம். நெஞ்சுப் படபடப்பு எம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு. நான் போகும் வீடுகளில் கை கால் உளைவுக்கும் தலையிடிக்கும் அடுத்ததாகப் பெண்கள் சொல்வது இதைத்தான். அதற்குக் கனியுப்புக் குளிசைகள் உதவுமா? யாருக்கு உதவும்? யாருக்கு ஆபத்து? வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

துள்ளுவது எது?

இருதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை துடிக்கிறது. சாதாரணமாக அதை நாம் உணர்வதில்லை. எப்போது உணர்கிறோமோ அதைத்தான் படபடப்பு என்கிறோம். சிலருக்கு நெஞ்சு வேகமாக அடிக்கும். சிலருக்குப் பலமாக அடிக்கும். சிலருக்கு ஒரு துடிப்பு தவறிப்போய், அதன் பிறகு ‘தொம்’ என்று ஓர் அடி விழும்.

கடைசியாகச் சொன்னதுதான் அந்த அக்காவின் ‘மீன் துள்ளல்’. உண்மையில் துடிப்பு தவறுவதில்லை. ஒரு துடிப்பு தன் நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. கோயில் தவிலில் ஓர் அடி முந்தி விழுந்துவிட்டால் அடுத்த அடிக்கு முன்னால் ஒரு சிறு இடைவெளி வருமல்லவா, அதுபோல. அந்த இடைவெளியில் இருதயத்துக்குள் வழமையைவிடக் கூடுதலான இரத்தம் நிரம்புகிறது. அதை வெளியே தள்ளும் அடுத்த அடி பலமாக விழுகிறது. நாம் திடுக்கிடுவது அந்த அடிக்குத்தான். இதை வைத்தியர்கள் மேலதிகத் துடிப்பு என்பார்கள். ஆரோக்கியமான இருதயம் உள்ளவர்களுக்கு 24 மணி நேரப் பதிவுக் கருவியைப் பூட்டிப் பார்த்தாலும் பெரும்பாலானோரில் இப்படி ஒன்றிரண்டாவது இருக்கும். இருதயம் நல்ல நிலையில் இருந்தால் இதனால் உயிருக்கு ஆபத்து இல்லை.

ஆகவே “ஒன்றும் இல்லை” என்று வைத்தியசாலையில் சொல்வதன் பொருள், “உங்கள் இருதயத்தில் ஆபத்தான நோய் தெரியவில்லை” என்பதே. “நீங்கள் சொல்வது பொய்” என்பதல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் பெண்களுக்கு யாரும் இருந்து விளங்கப்படுத்துவதில்லை. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அதற்கு நேரமும் இல்லை. “யோசனை கூடிப்போச்சு” என்ற ஒரு சொல்லோடு அனுப்பப்பட்டவள் வீட்டுக்கு வந்து, யோசிப்பதையும் தன் குற்றம் என்று நினைத்துக்கொள்கிறாள். அந்த இடைவெளிக்குள்தான் போத்தல் விற்பவர் வந்து உட்காருகிறார். அவர் அரை மணித்தியாலம் இருந்து, கதை கேட்டு, “உங்களுக்கு இருக்கிறது உண்மையான வருத்தம்தான்” என்று சொல்கிறார். அந்தச் சொல்லுக்காகவே பாதிப் பேர் போத்தலை வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இவை இருந்தால் தாமதிக்க வேண்டாம்

மேலே போக முன்னர் இதைச் சொல்லிவிட வேண்டும். பின்வருவன இருந்தால் அது சாதாரணப் படபடப்பு அல்ல.

• படபடப்போடு மயக்கம் வருதல், அல்லது கண் இருண்டு விழுதல்.
• நெஞ்சு நோவு, மூச்சு முட்டுதல், குளிர்ந்த வியர்வை.
• வேலை செய்யும்போது அல்லது ஓடும்போது தொடங்கும் படபடப்பு.
• ஓய்வாக இருந்தும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120 இற்கு மேல் போய், இறங்காமல் நிற்றல். அல்லது ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக அடித்தல்.
• சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்தவர்கள், இருதய வால்வில் நோய் உள்ளவர்கள்.
• இளவயதில் திடீரென இறந்துபோனவர்கள் இரத்த உறவில் இருத்தல்.
• கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களிலும் படபடப்போடு மூச்சு வாங்குதல், கால் வீக்கம்.

முதல் இரண்டும் இருந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த நோயாளர் காவு வண்டிச் சேவைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. மற்றவை இருந்தால் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திராமல் வைத்தியரிடம் போங்கள். வாதக்காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தொண்டை நோவுக்கும் மூட்டு வீக்கத்துக்கும் முழுமையான மருந்து கிடைக்காமல் போனவர்கள் எம்மில் இருக்கிறார்கள். அந்த வருத்தம் இருதய வால்வைப் பாதித்துவிட்டு, பல ஆண்டுகள் கழித்து வெளியே தெரியவரலாம். எனவே வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே அதைச் சொல்லுங்கள்.

இருதயத்துக்கும் கனியுப்புக்கும் என்ன தொடர்பு?

இருதயத் தசையின் ஒவ்வொரு கலமும் மிகச் சிறிய மின்னோட்டத்தால் இயங்குகிறது. அந்த மின்னோட்டத்தை உண்டாக்குவன சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகிய கனியுப்புக்கள். சோடியம் பெரும்பாலும் கலத்துக்கு வெளியே இருக்கும். பொற்றாசியம் உள்ளே இருக்கும். இவற்றை அந்தந்த இடத்தில் வைத்திருக்கும் ‘பம்பி’க்கு மகனீசியம் தேவை. மகனீசியம் குறைந்தால் பொற்றாசியமும் உடலில் நில்லாமல் சிறுநீரோடு போகும். இரண்டும் குறைந்தால் கலங்கள் இலகுவில் கிளர்ந்து, மேலதிகத் துடிப்புகள் கூடும். ஆகவே போத்தல்காரர் சொன்னது முழுப் பொய் அல்ல. பாதி உண்மை. பாதி உண்மைதான் கூடுதலாக விற்பனையாகும்.

இந்தக் கனியுப்புக்கள் யாருக்குக் குறைகின்றன?

வயிற்றோட்டமும் வாந்தியும் நீடித்தவர்களுக்கு. சீனி கட்டுப்பாட்டில் இல்லாத சலரோகக்காரருக்கு, ஏனெனில் அடிக்கடி சலம் போகும்போது மகனீசியமும் போகிறது. புரூசமைட் போன்ற, சலத்தைப் போக்கும் குளிசை குடிப்பவர்களுக்கு. காஸ்ரிக்குக்கு என்று ஒமிப்பிரசோல் குளிசையை ஆண்டுக்கணக்காகக் குடிப்பவர்களுக்கும் குறையலாம். நீண்ட காலம் அதைப் பாவித்தால் குருதியில் மகனீசியம் குறையக்கூடும் என்று 2011 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. எங்கள் ஊர்களில் ஒரு முறை எழுதித் தந்த ஒமிப்பிரசோலை மருந்துக் கடையில் தாமாகவே திரும்பத் திரும்ப வாங்கிக் குடிப்பவர்கள் குறைவா என்ன?

இவற்றைவிட இன்னொரு காரணம் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. காலையில் பாணும் பிளேன்ரீயும், மத்தியானம் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும் ஒரு குழம்பும், இரவில் மிச்சம் மீதி. பிள்ளைகளுக்குக் கீரையும் பருப்பும் முட்டையும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடும் தாய்க்கு மகனீசியம் எங்கிருந்து வரும்? வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 310 முதல் 320 மில்லிகிராம் மகனீசியம் வேண்டும் என்பது அமெரிக்கப் போசாக்குக் கணிப்பு. அரிசியைத் தீட்டும்போதும் கோதுமையை வெள்ளை மாவாக்கும்போதும் அதன் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது.

குளிசையால் படபடப்பு நிற்குமா?

நேர்மையான பதில்: சிலருக்குக் குறையலாம், எல்லோருக்கும் அல்ல.

இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 1997 இல் வெளியான ஜேர்மன் ஆய்வில், மேலதிகத் துடிப்பு அதிகமாக உள்ள 232 பேருக்கு மூன்று வாரம் மகனீசியமும் பொற்றாசியமும், அல்லது வெற்றுக் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். கனியுப்பு எடுத்தவர்களுக்கு மேலதிகத் துடிப்புகள் நூற்றுக்குப் 17 அளவில் குறைந்தன. ஆனால் அவர்கள் உணர்ந்த படபடப்பில் மாற்றம் இல்லை. 2012 இல் வெளியான பிறேசில் ஆய்வில், இருதயம் நல்ல நிலையில் உள்ள, ஆனால் துள்ளலால் அவதிப்பட்ட 60 பேருக்கு ஒரு மாதம் மகனீசியம் அல்லது வெற்றுக் குளிசை கொடுத்தார்கள். மகனீசியம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 93 பேர் தமக்குச் சுகம் என்றார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 17 பேரே அப்படிச் சொன்னார்கள். பார்க்க நல்ல முடிவுதான். ஆனால் 60 பேர் என்பது சிறிய தொகை. ஒன்றில் துடிப்பு குறைந்தும் சுகம் தெரியவில்லை. மற்றதில் சுகமும் தெரிந்தது. இதை வைத்து ‘அடியோடு நிற்கும்’ என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

என் சொந்த அனுபவத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்னர் எனக்கும் இந்தத் துள்ளல் வந்தது. இரவில் இடப்பக்கம் சரிந்து படுத்தால் தலையணைக்குள் கேட்கும். இ.சி.ஜி., தைரொயிட், குருதிப் பரிசோதனை எல்லாம் சரி. வைத்தியர் ஒரு மாதத்துக்கு மகனீசியம் எழுதித் தந்தார். “ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி?” என்றும் கேட்டார். வீட்டுத் தரிசிப்பில் போகிற வீடுகளில் எல்லாம் தரும் பிளேன்ரீயை மறுக்க முடியாமல் குடித்ததை எண்ணிப் பார்த்தேன். எட்டு வந்தது. அதை மூன்றாகக் குறைத்தேன். மாத முடிவில் துள்ளல் வெகுவாகக் குறைந்திருந்தது. குறைத்தது குளிசையா, தேத்தண்ணியா, அல்லது “பயப்பட ஒன்றும் இல்லை, பிள்ளை” என்று அவர் ஆறுதலாகச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குளிசையை நிறுத்திய பிறகும் கூடவில்லை.

யார் தொடவே கூடாது?

இதை வாசிக்கும் சகோதரிகள் இந்தப் பகுதியை வாசிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது, சிறுநீரகம் பழுதுபட்டவர்கள். மேலதிக மகனீசியத்தையும் பொற்றாசியத்தையும் வெளியேற்றுவது சிறுநீரகந்தான். அது பலவீனமானால் இரண்டும் குருதியில் தேங்கும். பொற்றாசியம் கூடினால் இருதயம் படபடப்பதோடு நில்லாது, அடிப்பதையே நிறுத்திவிடக்கூடும். அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் மட்டுமல்ல, வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ளது. அது முற்றும்வரை பலருக்கு எந்தக் குணமும் தெரியாது. ஆகவே ‘எனக்குக் கிட்னி நல்லம்’ என்று நாமாக முடிவெடுக்க முடியாது. கிரியற்றினின் என்ற குருதிப் பரிசோதனைதான் சொல்லும்.

இரண்டாவது, பிரஷருக்கும் இருதயத்துக்கும் லொசாட்டன், எனலப்ரில், ஸ்பைரோனோலக்ரோன் போன்ற குளிசை குடிப்பவர்கள். இவை உடலில் பொற்றாசியத்தைக் கூட்டும் தன்மை கொண்டவை. அதற்கு மேல் நாமும் பொற்றாசியக் குளிசை குடிப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போலாகும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படும் உப்பிலும் பெரும்பாலும் பொற்றாசியம் இருக்கும். பொற்றாசியக் குளிசையை வைத்தியர் எழுதித் தராமல் யாருமே குடிக்க வேண்டாம்.

மூன்றாவது, வேறு மருந்து குடிப்பவர்கள். வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் தரப்படும் டொக்சிசைக்கிளின், தைரொயிட் குளிசை, இரும்புக் குளிசை ஆகியவற்றோடு சேர்த்து மகனீசியத்தைக் குடித்தால் அந்த மருந்துகள் உடலில் சரியாகச் சேராது. சில மணித்தியாலம் இடைவெளி வேண்டும். எவ்வளவு என்று மருந்து தருபவரிடம் கேளுங்கள்.

வைத்தியர் சம்மதித்தால், மகனீசியத்தை உணவுக்குப் பிறகு குறைந்த அளவில் தொடங்குவது நல்லது. குளிசையாக எடுப்பது ஒரு நாளைக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய நிபுணர்களும், 350 ஐத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க நிபுணர்களும் எல்லை வைத்திருக்கிறார்கள். கூடினால் முதலில் வயிறு இளகும். வயிற்றோட்டம் வந்தால் உள்ளே போன கனியுப்பைவிட வெளியே போவது கூடிவிடும், நிறுத்திவிடுங்கள். விலை கூடிய போத்தல்தான் நல்லது என்றும் இல்லை. ஒரு மாதம் பாருங்கள். நாட்காட்டியில், துள்ளல் வந்த நாளுக்கு ஒரு புள்ளி இடுங்கள். மாத முடிவில் புள்ளிகள் குறையாவிட்டால் அது உங்களுக்கான மருந்து அல்ல. காசை மிச்சம் பிடியுங்கள்.

நாம் மறந்துபோகும் கனியுப்பு

படபடப்புக்கு மகனீசியம் தேடுகிறோம். எங்கள் பெண்களில் பலருக்கு உண்மையில் குறைவாக இருப்பது இரும்பு. குருதியில் ஈமோகுளோபின் குறைந்தால், உடலுக்கு வேண்டிய ஒட்சிசனைக் கொண்டுபோக இருதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. படி ஏறினால் இளைப்பு, நெஞ்சு அடித்தல், தலைச்சுற்று, கண்மடல் வெளிறுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12 இற்குக் கீழே இருந்தால் குருதிச்சோகை. மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் இரத்தப்போக்கு கூடி, வெட்கத்தில் அதை யாருக்கும் சொல்லாமல் இருப்பவர்கள் அனேகம்.

இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடித்தால் பயன் போய்விடும். தேத்தண்ணிக்கும் அதற்கும் இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவது வழமை, பயப்பட வேண்டாம். குளிசையைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அவர்கள் இனிப்பென்று விழுங்கினால் உயிராபத்து. எல்லாக் குருதிச்சோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. தலசீமியா போன்றவற்றில் இரும்பு கூடுவதே தீங்கு. ஆகவே இதற்கும் பரிசோதனை முதலில், குளிசை பிறகு.

வளவிலும் சந்தையிலும் இருப்பவை

சிறுநீரக நோய் இல்லாதவர்களுக்கு, உணவில் இருந்து வரும் மகனீசியத்தால் ஆபத்து இல்லை. சில கணக்குகள் (ஏறக்குறைய):

• எள்ளு ஒரு மேசைக்கரண்டி: 30 மில்லிகிராம். ஓர் எள்ளுருண்டையில் இதற்கு மேலும் இருக்கும்.
• ஒரு பிடி கச்சான் (30 கிராம்): 50 மில்லிகிராம்.
• அவித்த கௌபி ஒரு கோப்பை: 90 மில்லிகிராம்.
• குரக்கன் மா 100 கிராம்: 140 மில்லிகிராம்.
• முருங்கையிலை: இதிலும் மகனீசியம் உண்டு. இரும்பும் உண்டு.

பயறு, உழுந்து, தீட்டாத சிவப்பரிசி, கீரை வகை எல்லாம் இதில் சேரும். பொற்றாசியத்துக்கு வாழைப்பழமும் இளநீரும் போதும். காலையில் அவித்த கௌபி, மத்தியானம் முருங்கையிலை வறை, பின்னேரம் ஒரு பிடி கச்சான் என்று சாப்பிட்டால் போத்தலில் உள்ளதில் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் அதை நீங்கள் சாப்பிட வேண்டும், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இளநீரும் வாழைப்பழமும் கூட வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

தேத்தண்ணி, கோப்பியைக் குறையுங்கள். வெற்றிலை பாக்குப் போடுபவர்கள், போட்ட உடனே நெஞ்சு அடிக்கிறதா என்று கவனியுங்கள். இழுப்புக்குத் தரும் சல்பியூட்டமோல் குளிசையும் படபடப்பைத் தரும். அதை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

குளிசை இல்லாத படபடப்பு

கனியுப்பு எதுவும் போய்ச் சேராத ஓரிடமும் உண்டு. ஊர்த் திருவிழாவில் வெடி கொளுத்தினால் நெஞ்சு அடிக்கிறது. ஹெலியின் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. மே மாதம் வந்தால் நித்திரை போய்விடுகிறது. இது இருதயத்தின் பழுதல்ல. உயிரைக் காப்பாற்றப் பழகிய உடம்பு, ஆபத்து முடிந்த பிறகும் காவல் நிற்கிறது. அப்படி வரும்போது நிலத்தில் பாதத்தைப் பதித்து அமருங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே எடுத்து, ஆறு எண்ணும்வரை ஆறுதலாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்யுங்கள். முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். அடிக்கடி வந்தால் மாவட்ட வைத்தியசாலையில் உள்ள உளநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். அங்கே போவது விசர் என்று அர்த்தம் அல்ல.

அந்த அக்காவுக்கு என்ன நடந்தது?

அடுத்த கிளினிக் நாளில் நானும் கூடப் போனேன். போத்தலையும் கிளினிக் கொப்பியையும் வைத்தியரின் மேசையில் வைத்தோம். அவர் குடித்துவந்தது லொசாட்டன். கிரியற்றினின் ஏற்கெனவே கூடியிருந்ததாகக் கொப்பியில் எழுதியிருந்தது. அதன் பொருளை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வைத்தியர் போத்தலை உடனே நிறுத்தச் சொல்லி, பொற்றாசியத்துக்கும் ஈமோகுளோபினுக்கும் குருதி எடுக்கச் சொன்னார். பொற்றாசியம் எல்லையில் நின்றது. ஈமோகுளோபின் 8.4. இரும்புக் குறைவு என்று உறுதியானது. மாதவிடாய் பற்றி வைத்தியர் கேட்டபோது அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பிறகு சொன்னார். ஒரு வருடமாக மாதத்தில் பத்து நாள்.

பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். இரும்புக் குளிசை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஈமோகுளோபின் 11 ஐத் தாண்டியது. துள்ளல் முற்றாக நிற்கவில்லை. “இப்பவும் இடைக்கிடை துள்ளும் பிள்ளை. ஆனா என்னெண்டு தெரியும்தானே, பேசாமல் இருந்திடுவன்” என்கிறார். சிறுநீரகத்துக்கு இனித் தொடர்ந்து கிளினிக் போகவேண்டும். அது சிறிய கவலை அல்ல.

போத்தலுக்குக் கொடுத்த காசு திரும்பி வரவில்லை. கோழிகள் மிஞ்சின. அந்தக் கிராமத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், இனிமேல் கூட்டத்துக்கு வந்து யாரும் குளிசை விற்க விடுவதில்லை என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டது. உங்கள் சங்கத்திலும் இதைப் பேசலாம்.

சகோதரிகளே, நெஞ்சு துள்ளினால் அதைச் சொல்லுங்கள். சொல்லும்போது நீங்கள் குடிக்கும் ‘சத்துக்’ குளிசையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை கிளினிக் போகும்போது மூன்று கேள்விகளைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: என் ஈமோகுளோபின் எத்தனை? என் கிரியற்றினின் எத்தனை? நான் குடிக்கும் குளிசைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா? பதிலைக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.